எல்.இ.டி. வெளிச்சத்துக்கு நடுவே ஆழ்வான் படம்: எந்த ஃபில்டர் வாங்கலாம்?

நெபுலாதேடி:

வணக்கம். ஆழ்வான் படம் (நெபுலா, கேலக்ஸி மாதிரி தொலைதூரப் பொருள்களின் படம்) எடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. 80 மில்லிமீட்டர் எஃப் 6 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் 6 மடங்கு) ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் தொலைநோக்கி, ஆட்டோகைடிங் (விண்மீனைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதி) வைத்த ஈக்குவடோரியல் மவுண்ட் (வானச் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி), உள்ளே எந்த மாற்றமும் செய்யாத சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா, என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வீட்டு மாடியிலிருந்துதான் எடுக்கிறேன், வானம் போர்ட்டில் அளவில் 8 (1 மிக இருண்ட வானம், 9 நகர மைய வானம்). தெருவில் முன்பு முழுக்க மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தன, இப்போது பாதிக்கு மேல் வெள்ளை எல்.இ.டி. ஆகிவிட்டது, இரண்டும் கலந்துதான் எரிகின்றன.

2 நிமிட எக்ஸ்போஷருக்கே ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாதியைத் தாண்டிவிடுகிறது. பல ஃபிரேம்களை ஸ்டாக் செய்து (ஒன்றாக அடுக்கிச் சேர்த்து), மங்கல் பகுதி தெரிய ஸ்ட்ரெட்ச் செய்தால் படத்தின் ஒரு மூலை அழுக்கு ஆரஞ்சாகவும் எதிர் மூலை சாம்பலாகவும் வருகிறது. ஃபில்டர் வாங்கலாம் என்று தேடினால் சி.எல்.எஸ்., எல்-ப்ரோ, எல்-என்ஹான்ஸ், எல்-எக்ஸ்ட்ரீம் என்று ஏகப்பட்ட பெயர்கள், ஒரே ஃபில்டரை ஒருவர் ஆஹா என்கிறார், இன்னொருவர் காசுக்குக் கேடு என்கிறார். எனக்கு ஆசை இரண்டு பக்கமும் இருக்கிறது: ஆண்ட்ரோமெடா, எம் 51, எம் 81 (எம் என்பது மெஸ்ஸியே பட்டியல் எண்) மாதிரி கேலக்ஸிகள், அப்புறம் ரோசெட், வட அமெரிக்க நெபுலா, ஓரியன். இரண்டுக்கும் ஒரே ஃபில்டர் போதுமா? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

செம்பெயர்ச்சி:

ஃபில்டர் பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் பொருள் எந்த மாதிரி ஒளியைத் தருகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ரோசெட், வட அமெரிக்கா, வெயில் (Veil), எம் 27 நெபுலாக்கள் இவையெல்லாம் ஒளிரும் வாயு. அந்த ஒளி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் வருகிறது: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் (O III) கோடுகள் 495.9, 500.7, கந்தகத்தின் (S II) கோடுகள் 671.6, 673.1, கூடவே 486.1-இல் ஹைட்ரஜன் பீட்டா. கேலக்ஸி அப்படியில்லை. அது கோடிக்கணக்கான விண்மீன்களின் மொத்த ஒளி, நீலத்திலிருந்து சிவப்பு வரை இடைவெளி இல்லாமல் பரவியிருக்கும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றித் தெரிகிற நீலப் புகையும் எம் 78-ம் விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கிற தூசி என்பதால் அவையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இப்போது எல்-எக்ஸ்ட்ரீம் மாதிரி இரட்டை நேரோபேண்ட் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கு ஒரு ஜன்னல், ஆக்சிஜனுக்கு ஒரு ஜன்னல், ஒவ்வொன்றும் 7 நானோமீட்டர் அகலம். கேமரா பார்க்கிற 400 முதல் 700 வரையான 300 நானோமீட்டரில் 14 மட்டும் உள்ளே வருகிறது. வான வெளிச்சம் எல்லா அலைநீளத்திலும் சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகக் குறைகிறது, நெபுலாவின் கோடுகளோ பெரும்பாலும் அப்படியே வந்துவிடுகின்றன. ரோசெட்டை இந்த ஃபில்டரில் எடுத்த முதல் ஃபிரேமே திரையில் வரும்போது வித்தியாசம் தெரியும், ஸ்டாக் செய்யக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அதே ஃபில்டரை மாட்டி எம் 51 எடுத்தால் வானத்தோடு சேர்ந்து கேலக்ஸியும் 20-இல் ஒரு பங்காகிவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சிக்னலுக்கும் நாய்ஸுக்குமான (படத்தில் வரும் பொடிப்பொடி இரைச்சல்) விகிதம் 20-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது நாலரை மடங்கு மோசமாகும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், இரண்டுக்கும் ஒரே ஃபில்டர் கிடையாது. நெபுலாவுக்கு இரட்டை நேரோபேண்ட் வாங்குங்கள், கேலக்ஸிக்கு ஃபில்டர் இல்லாமல் நிறைய நேரம் எடுங்கள்.

இருள்வானம்:

மேலே சொன்னது சரி, ஆனால் கேலக்ஸிக்கு எந்த ஃபில்டருமே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். எந்த விளக்கு எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த அழுத்த சோடியம் விளக்கு 589-ஐ ஒட்டிய இரண்டு கோடுகளில்தான் கிட்டத்தட்ட எல்லா ஒளியையும் கொட்டுகிறது. உயர் அழுத்த சோடியம் அதைவிட அகலமாகப் பரவும் என்றாலும் பெரும்பகுதி அந்த மஞ்சள் ஆரஞ்சுப் பகுதியில்தான். பழைய பாதரச விளக்குக்கு 435.8, 546.1, 577, 579 என்று தனித்தனிக் கோடுகள். சி.எல்.எஸ்., எல்-ப்ரோ, ஐடாஸ் எல்.பி.எஸ். வரிசை எல்லாமே இந்தக் கோடுகள் இருக்கும் இடத்தை அடைத்துவிட்டு மற்றதை விடுகிற பிராட்பேண்ட் ஃபில்டர்கள். சோடியம் வானத்தில் இவை கேலக்ஸிக்கும் உதவும், ஏனென்றால் கேலக்ஸி தன் ஒளியில் கொஞ்சத்தை இழக்கும்போது வானம் தன் ஒளியில் பெரும்பங்கை இழக்கிறது.

எல்.இ.டி. வந்ததும் இந்தக் கணக்கு உடைந்துவிட்டது. வெள்ளை எல்.இ.டி.க்கு 450 பக்கம் ஒரு நீலக் கூம்பு, அப்புறம் 500-இலிருந்து 650-ஐயும் தாண்டி நீளுகிற ஒரு பெரிய மேடு. எந்த இடத்தை அடைப்பது? அடைக்கிற இடத்திலெல்லாம் கேலக்ஸியின் ஒளியும் இருக்கிறது.

உங்கள் வானத்தில் எது அதிகம் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய சி.டி. போதும். விளக்கின் ஒளியை அதன் பளபளப்பான பக்கத்தில் சாய்வாகப் பார்த்தால், சோடியமும் பாதரசமும் தனித்தனி வண்ணப் பட்டைகளாகத் தெரியும், எல்.இ.டி. ஒன்றோடொன்று கலந்த வானவில்லாகத் தெரியும். அக்கம்பக்கத்து விளக்குகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் படமெடுக்கிற திசையில் இருக்கும் பெரிய சாலை, மைதானம், இவற்றின் விளக்குதான் அந்தப் பக்கத்து வானத்தை நிறைக்கும். பாதிக்கு மேல் எல்.இ.டி. என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே இன்று பிராட்பேண்ட் ஃபில்டருக்குப் பணம் போட்டால் மிச்ச சோடியமும் மாறுகிற நாளில் அதன் பலன் இன்னும் சுருங்கிவிடும்.

துருவஅச்சு:

யாரும் கேமராவைப் பற்றிப் பேசவில்லையே. மாற்றம் செய்யாத டி.எஸ்.எல்.ஆர். என்கிறார். அதில் சென்சாருக்கு முன்னால் கம்பெனியே வைத்திருக்கும் கண்ணாடி 656-இல் வரும் சிவப்பைப் பெருமளவு வெட்டிவிடுகிறது, தோல் நிறம் சரியாக வர வேண்டும் என்பதற்காகச் செய்வது. எவ்வளவு வெட்டுகிறது என்று பார்க்க ஒரு உதாரணம்: கேனான் 2019-இல் விண்வெளிப் படங்களுக்கென்றே வெளியிட்ட ஈ.ஓ.எஸ். ஆர்.ஏ., சாதாரண ஆர் மாடலைவிட ஹைட்ரஜன் ஆல்ஃபாவை சுமார் 4 மடங்கு கடத்துகிறது. ஏற்கெனவே கால் பங்குதான் உள்ளே வருகிற கேமராவில் விலை கூடிய நேரோபேண்ட் ஃபில்டரை மாட்டினால் ஆக்சிஜன் நன்றாக வரும், சிவப்பு தவித்துக்கொண்டு வரும். அதற்கு மேல் சென்சாரில் நிறம் பிரிக்கும் பேயர் வரிசையில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. ஆக்சிஜன் ஒளியைப் பச்சை, நீலம் என்று மூன்று பிக்சல்கள் பிடிக்கின்றன.

என்னைக் கேட்டால் கேமராவை மாடிஃபை செய்வது (அந்தக் கண்ணாடியை எடுப்பது அல்லது மாற்றுவது) முதல், ஃபில்டர் அப்புறம். அல்லது குளிர்விப்பு வசதியுள்ள கலர் விண்வெளிக் கேமராவுக்குப் பணம் சேர்க்கலாம். கேமராவை நன்றாகக் கழற்றிப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், சென்சாரில் ஒரு கீறல் விழுந்தாலும் அவ்வளவுதான்.

நெபுலாதேடி:

நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கேமரா விஷயம் என் மனதில் இல்லவே இல்லை. மாடிஃபை செய்யக் கொடுக்கிறேன். அதன் பிறகு 7 நானோமீட்டரா, 3 நானோமீட்டர் எல்-அல்டிமேட்டா? கொஞ்சம் அகலமான எல்-என்ஹான்ஸ் போதுமா? நிலா இருக்கும் நாளிலும் எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா? கேலக்ஸிக்கு "நிறைய நேரம்" என்றால் எவ்வளவு?

செம்பெயர்ச்சி:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நிறைய பேர் மனம் உடைந்து போகிறார்கள். வானத்தின் கருமையைச் சதுர ஆர்க் செகண்டுக்கு (வானத்தின் ஒரு துளிப் பரப்புக்கு) எத்தனை மேக்னிட்யூட் என்று அளப்பார்கள், எண் கூடினால் இருட்டு கூடுகிறது. நகரத்து வானம் 18.5, நல்ல கிராமப்புற வானம் 21 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.5 மேக்னிட்யூட், அதாவது சரியாக 10 மடங்கு வெளிச்சம். மங்கலான பொருளுக்குத் தேவைப்படும் நேரமும் அதே விகிதத்தில் கூடும். அங்கே 1 மணி நேரத்தில் கிடைக்கிற எம் 51-ஐ மாடியிலிருந்து எடுக்க 10 மணி நேரம் வேண்டும். எந்த பிராட்பேண்ட் ஃபில்டராலும் 10 மடங்கைத் திருப்பித் தர முடியாது, ஒரு மணி நேரப் பயணத்தால் முடியும். பயணம் முடியாத நாளில் பல இரவுகளின் ஃபிரேம்களைச் சேர்த்து ஸ்டாக் செய்யுங்கள், பொருள் உச்சிக்கு அருகில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். 30 பாகை உயரத்தில் நீங்கள் இரண்டு மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறீர்கள், விளக்கொளியின் மேடும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கேலக்ஸியில் நேரோபேண்டுக்கு ஒரு வேலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. எம் 33 கேலக்ஸியில் என்.ஜி.சி. 604 நெபுலா, எம் 82-இன் நடுவிலிருந்து பீறிடும் சிவப்பு வாயு, எம் 51-இன் கைகளில் இருக்கும் சிவப்புப் புள்ளிகள், இவை ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஒளிர்பவை. ஃபில்டர் இல்லாமல் எடுத்த படத்தின் சிவப்பு அடுக்கில் இதைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அடிப்படைப் படம் மட்டும் ஃபில்டர் இல்லாமல்தான் வர வேண்டும்.

இருள்வானம்:

அகலம் பற்றி: எஃப் 6-க்கு 7 நானோமீட்டர் தாராளம். 3-க்குப் போனால் வானம் இன்னும் பாதிக்கு மேல் குறையும், கான்ட்ராஸ்ட் கூடும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமையும் நீளமாக எடுக்க வேண்டும், கைடிங் சுத்தமாக இருக்க வேண்டும், விலையும் ஏறும். எல்-என்ஹான்ஸின் பச்சை ஜன்னல் ஹைட்ரஜன் பீட்டாவையும் சேர்த்து விடுகிற அளவுக்கு அகலம். போர்ட்டில் 5, 6 இருக்கும் இடத்துக்கு நல்ல சமரசம், போர்ட்டில் 8-இல் அந்த அகலம் வான வெளிச்சத்தையும் அழைத்து வருகிறது.

பின்னாளில் எஃப் 2 அமைப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். சாய்வாக நுழையும் ஒளிக்கு இந்த ஃபில்டர்களின் ஜன்னல் நீலத்தை நோக்கி நகரும். எஃப் 2-இல் ஓரக் கதிர்கள் 14 பாகை சாய்வில் வருவதால் நகர்வு சில நானோமீட்டர் இருக்கும், 3 நானோமீட்டர் ஜன்னலில் 656.3 வெளியே விழுந்துவிடும். அதற்கென்று ஜன்னலை முன்கூட்டியே நகர்த்திச் செய்த ஹைஸ்பீட் வகைகள் தனியாகக் கிடைக்கின்றன. உங்கள் ரிஃப்ராக்டருக்கு இந்தக் கவலை இல்லை.

நிலா: ஹைட்ரஜன் ஆல்ஃபா நிலவொளியை நன்றாகத் தாங்கும். ஆக்சிஜன் தாங்காது, சிதறிய நிலவொளி நீலம் பச்சை பக்கம்தான் அதிகம். முழுநிலா நாளில் ரோசெட், கலிஃபோர்னியா மாதிரி ஹைட்ரஜன் நிறைந்த நெபுலாக்களை நிலாவுக்கு எதிர்த்திசையில் எடுங்கள், வெயில் நெபுலாவை நிலா இல்லாத இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துருவஅச்சு:

வாங்கும்போது கேட்க வேண்டியவை சில. கண்ணால் பார்ப்பதற்கென்று விற்கும் யு.எச்.சி. ஃபில்டர்களைப் படத்துக்கு வாங்காதீர்கள், பல வகைகள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். மாடிஃபை செய்த கேமரா அதையும் பிடிக்கும், விண்மீன்கள் ஊதிப்போய் வரும். 2 அங்குலம் வாங்குங்கள், பின்னாளில் பெரிய சென்சார் வந்தாலும் பயன்படும். கேமராவுக்குள் வைக்கும் கிளிப் வகை அந்த ஒரு கேமராவோடு முடிந்துவிடும்.

பிரகாசமான விண்மீனைச் சுற்றி வளையம் வருகிறதா என்று அல்நிடாக்கை வைத்துப் பாருங்கள், குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மோசமான கோட்டிங் உள்ள ஃபில்டர் அங்கே உடனே மாட்டிக்கொள்ளும். வந்த ஒரு வாரத்துக்குள் சோதித்துவிட்டால் மாற்றிக் கேட்கலாம்.

ஃபிளாட்னருக்கும் (மூலை விண்மீன்களையும் கூர்மையாக்கும் லென்ஸ்) கேமராவுக்கும் நடுவில் ஃபில்டர் வந்தால் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தூரம் கூட்ட வேண்டும். 2 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு, ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை இருக்க வேண்டிய 55 மில்லிமீட்டர் 55.7 ஆகும். இதைக் கூட்டாமல் விட்டு, மூலையில் விண்மீன்கள் நீளுகின்றன என்று ஃபில்டரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

எக்ஸ்போஷரை 5 நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஹிஸ்டோகிராம் இடது ஓரத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றால் போதும், நடுவுக்கு வர வேண்டிய அவசியமில்லை. கேமரா சூடாகும் என்பதால் டார்க் ஃபிரேம்கள் (மூடியை மூடி எடுப்பவை) கட்டாயம். ஃபிளாட் ஃபிரேம்களை (சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) ஃபில்டரோடு எடுக்க வேண்டும். சிரில் (Siril) மென்பொருளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது, இலவசம். நீங்கள் சொன்ன ஆரஞ்சு மூலைக்கு கிராக்ஸ்பெர்ட் (GraXpert) மென்பொருளில் பின்புல வெளிச்சத்தை நீக்கிப் பாருங்கள், அதுவும் இலவசம். கையில் இருக்கும் பழைய ஸ்டாக்கில் இன்றைக்கே முயலலாம், எதுவும் வாங்கத் தேவையில்லை.

நெபுலாதேடி:

கிராக்ஸ்பெர்ட் இறக்கிவிட்டேன். பழைய ஆண்ட்ரோமெடா ஸ்டாக்கில் ஆரஞ்சு கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது, வெளிக் கைகளின் மங்கல் பகுதி முதல் தடவையாகத் தெரிகிறது. கேமராவை மாடிஃபை செய்யக் கொடுக்கிறேன், வந்ததும் 7 நானோமீட்டர், 2 அங்குலம். ஓரியனைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை, அதன் மையம் ஃபில்டரோடு எடுத்தாலும் வெந்துவிடுமா (வெளிச்சம் மிஞ்சி வெளுத்துவிடுமா)?

செம்பெயர்ச்சி:

வெந்துவிடும். மையத்தில் இருக்கும் டிரெபீசியம் விண்மீன்கள் பகுதிக்குத் தனியாக 10 விநாடி, 30 விநாடி ஃபிரேம்கள் எடுத்து பிறகு கலந்துகொள்ளுங்கள். ஓரியனில் பிரதிபலிப்புத் தூசியும் நிறைய இருக்கிறது, பக்கத்து ரன்னிங் மேன் நெபுலா பெரும்பாலும் அதுதான். ஆகவே ஃபில்டரோடு ஒரு இரவு, ஃபில்டர் இல்லாமல் ஒரு இரவு எடுத்தால் நீலமும் கிடைக்கும், விண்மீன்களின் இயல்பான நிறமும் கிடைக்கும்.