மேல் கட்டை கீழ்க் கட்டையை முந்துகிறது: உராய்வுக் கணக்கில் எங்கே தவறு?

மதியவகுப்பு:
பதினொன்றாம் வகுப்பு, இயக்க விதிகள் பாடம். இந்தக் கணக்கில் விடை ஒத்துவரவில்லை.

வழுவழுப்பான தரையில் 4 கி.கி கட்டை. அதன் மேல் 2 கி.கி கட்டை. இரண்டுக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. கீழ்க் கட்டையைக் கிடைமட்டமாக 18 நியூட்டன் விசையால் இழுக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையின் முடுக்கம் என்ன, இடையில் உள்ள உராய்வு விசை என்ன? புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².

நான் செய்தது: உராய்வு = 0.4 × 2 × 10 = 8 நியூட்டன். மேல் கட்டைக்கு 8 ÷ 2 = 4 மீ/வி². கீழ்க் கட்டைக்கு (18 − 8) ÷ 4 = 2.5 மீ/வி².

விடைப்பக்கத்தில் உராய்வு 6 நியூட்டன், இரண்டுக்கும் முடுக்கம் 3 என்று இருக்கிறது. என் விடையைச் சரிபார்த்தும் பார்த்தேன்: 2 × 4 + 4 × 2.5 = 18. கொடுத்த விசை அப்படியே வருகிறது. அப்படியானால் புத்தகத்தில்தான் அச்சுப்பிழையா?

விசைப்படம்:
புத்தக விடை சரி. உங்கள் விடையை அதன் பொருளோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மேல் கட்டையை யாரும் தொடவில்லை. அதை முன்னே கொண்டுபோவது கீழ்க் கட்டையின் உராய்வு ஒன்றுதான். அப்படிப்பட்ட மேல் கட்டை 4 மீ/வி² முடுக்கத்திலும், அதை இழுத்துச் செல்ல வேண்டிய கீழ்க் கட்டை 2.5 இலும் போகின்றன என்றால், சுமந்து செல்பவரை விடச் சுமை வேகமாகப் போகிறது. மேல் கட்டை முன்பக்கம் வழுக்கினால் அதன் மேல் உராய்வு பின்னோக்கி இருக்க வேண்டும். நீங்களோ முன்னோக்கி எடுத்திருக்கிறீர்கள். விடை தன்னையே மறுக்கிறது.

தவறு நடந்த இடம் முதல் வரி. 0.4 × 2 × 10 = 8 என்பது உராய்வு விசை அல்ல, உராய்வு போகக்கூடிய உச்சம். ஓய்வுநிலை உராய்வு 0 முதல் 8 வரை எந்த மதிப்பையும் எடுக்கும். வழுக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வரும். வழுக்கத் தொடங்கும் விளிம்பில் மட்டுமே அது 8.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது “உராய்வு எவ்வளவு?” அல்ல, “வழுக்குமா?” என்பது. அதற்கு இப்படிப் போங்கள்.

இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நிறை 6 கி.கி, ஆகவே முடுக்கம் 18 ÷ 6 = 3 மீ/வி². இப்போது மேல் கட்டைக்கு மட்டும் விசைப்படம் வரையுங்கள். கிடைத்திசையில் அதன் மேல் செயல்படுவது உராய்வு ஒன்றே. 2 கி.கி கட்டைக்கு 3 மீ/வி² கொடுக்க 6 நியூட்டன் தேவை. கிடைக்கக்கூடிய உச்சம் 8. தேவை உச்சத்துக்குள் அடங்குகிறது, எனவே வழுக்காது, நாம் வைத்துக்கொண்டது சரி. உராய்வு 6 நியூட்டன். கீழ்க் கட்டையில் பார்த்தால் 18 − 6 = 12 = 4 × 3. பொருந்துகிறது.

மதியவகுப்பு:
முடிவு புரிகிறது. ஆனால் என் சரிபார்ப்பு ஏன் தவறைக் காட்டிக்கொடுக்கவில்லை? அதை நம்பித்தான் புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன்.

சாக்பீஸ்:
இந்தக் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. நீங்கள் செய்த சரிபார்ப்பு உராய்வைத் தொடவே இல்லை. மேல் கட்டையில் உராய்வு முன்னோக்கி, கீழ்க் கட்டையில் அதே அளவு பின்னோக்கி. மூன்றாம் விதிப்படி அவை ஓர் இணை. இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் அந்த இணை அடிபட்டுப் போகும், மிஞ்சுவது 18 மட்டும். உராய்வுக்கு 8 போட்டாலும் 5 போட்டாலும் 1 போட்டாலும் கூட்டுத்தொகை 18 தான். 1 நியூட்டன் வைத்துப் பாருங்கள்: மேல் கட்டை 0.5, கீழ்க் கட்டை 17 ÷ 4 = 4.25. 2 × 0.5 + 4 × 4.25 = 18. இதுவும் “சரி”தான்!

உங்கள் சரிபார்ப்பு கூட்டல் பெருக்கலில் பிழை இருந்தால் பிடிக்கும். அமைப்புக்குள்ளே இருக்கும் அக விசையின் மதிப்பு தவறாக இருந்தால் பிடிக்காது. கப்பியில் தொங்கும் இரு எடைகளின் கணக்கில் கயிற்றின் இழுவிசைக்கும் இதே கதை. இங்கே உதவுவது வேறு இரண்டு சோதனைகள். ஒன்று, வழுக்கவில்லை என்றால் இரு முடுக்கங்களும் சமமா, தேவையான உராய்வு உச்சத்துக்குள் இருக்கிறதா? இன்னொன்று, வழுக்குகிறது என்றால் நான் எடுத்த உராய்வின் திசை அந்த வழுக்கலுக்கு எதிராக இருக்கிறதா? உங்கள் விடை இரண்டிலும் விழுகிறது.

கூடவே ஒன்று. “உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்” என்று மனப்பாடம் செய்திருந்தால் இந்தக் கணக்கு உங்களைக் குழப்பியே தீரும். மேல் கட்டை போவதும் முன்னே, அதன் மேல் உராய்வும் முன்னே. உராய்வு எதிர்ப்பது தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளுக்கு இடையிலான சார்பு இயக்கத்தை, அல்லது அப்படி நகர முயல்வதை. அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

வடமராட்சி:
இலங்கை உயர்தரத் தாள்களில் பயிற்சி எடுப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. இங்கே நீங்கள் நிறை என்று எழுதுவதை நாங்கள் திணிவு என்போம். எங்கள் தாளில் நிறை என்றால் உங்கள் எடை, அதாவது நியூட்டனில் வருவது. முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். சொல்லைக் கவனிக்காமல் விட்டால் விடை பத்து மடங்கு மாறிப் போகும். எங்கள் “எல்லை உராய்வு” என்ற சொல் இந்த விடயத்தில் நன்றாக உதவும்: 8 நியூட்டன் என்பது எல்லை. எல்லைக்கு உள்ளே நிற்கும் பொருளுக்கு எல்லையின் பெறுமானத்தைப் போடக் கூடாது.

இதே பிழையைச் சாய்தளத்திலும் காணலாம். 30° சாய்வில் 2 கி.கி திணிவு ஓய்வில் உள்ளது, நிலையியல் உராய்வுக் குணகம் 0.7, உராய்வு விசை என்ன? பலர் 0.7 × 20 × 0.866 = 12.1 நியூட்டன் என்று எழுதுவார்கள். சாய்வு வழியே கீழே இழுக்கும் கூறு 20 × 0.5 = 10 நியூட்டன்தான். உராய்வு 12.1 என்றால் சும்மா வைத்த கட்டை தானாக மேலே ஏற வேண்டும். சரியான விடை 10 நியூட்டன்.

மதியவகுப்பு:
நன்றி. புத்தகத்தில் அடுத்த உட்பிரிவு: விசை 30 நியூட்டன் ஆனால்? நான் போட்டது இது. சேர்ந்து போனால் முடுக்கம் 30 ÷ 6 = 5. தேவையான உராய்வு 10, உச்சம் 8. போதாது, எனவே வழுக்கும். உராய்வு 8. மேல் கட்டை 4, கீழ்க் கட்டை 22 ÷ 4 = 5.5. இந்த முறை கீழ்க் கட்டைதான் வேகம், திசையும் சரியாக இருக்கிறது. சரிதானே?

விசைப்படம்:
வழுக்கும் என்று கண்டுபிடித்தது வரை சரி. அதற்குப் பிறகும் 8 இலேயே நின்றுவிட்டீர்கள். வழுக்கத் தொடங்கியதும் ஓய்வுநிலைக் குணகத்துக்கு வேலை முடிந்தது. இனி இயக்க உராய்வு: 0.3 × 2 × 10 = 6 நியூட்டன். இதற்கு “உச்சம் வரை” என்ற பேச்சே இல்லை, வழுக்கும் வரை 6 தான். மேல் கட்டை 6 ÷ 2 = 3, கீழ்க் கட்டை (30 − 6) ÷ 4 = 6 மீ/வி².

கேள்வியில் இரண்டு குணகங்கள் கொடுத்திருப்பதன் காரணமே இதுதான்: 0.4 முடிவெடுக்க, 0.3 வழுக்கிய பிறகு கணக்கிட. ஒரே ஒரு குணகம் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை விசையையும் கண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல் கட்டைக்கு உராய்வால் கிடைக்கும் அதிகபட்ச முடுக்கம் 8 ÷ 2 = 4. இரண்டும் 4 இல் போக வேண்டுமானால் விசை 6 × 4 = 24 நியூட்டன். 24 வரை ஒட்டிக்கொண்டு போகும், தாண்டினால் வழுக்கும். தாண்டிய அந்த நொடியில் மேல் கட்டையின் முடுக்கம் 4 இலிருந்து 3 ஆக இறங்கும், கீழ்க் கட்டையினுடையது 4 இலிருந்து 4.5 ஆகத் தாவும். வரைபடம் வரையச் சொன்னால் அந்தப் படியைக் காட்டுங்கள்.

புவியீர்ப்பு முடுக்கத்தைக் கேள்வியில் சொன்னபடி எடுப்பதும் இங்கே முக்கியம். 9.8 என்றால் எல்லை 23.52 ஆகிவிடும். விசை 23.8 என்று கொடுத்திருந்தால், 10 எடுப்பவருக்கு வழுக்காது, 9.8 எடுப்பவருக்கு வழுக்கும்.

சாக்பீஸ்:
30 நியூட்டன் கணக்குக்குத் தொடர்ச்சியாக “மேல் கட்டை எப்போது விளிம்பைத் தாண்டத் தொடங்கும்?” என்றும் கேட்பார்கள். மேல் கட்டையின் பின் விளிம்பு கீழ்க் கட்டையின் பின் விளிம்பை அடைய 0.5 மீட்டர் வழுக்க வேண்டும் என்று வையுங்கள். சார்பு முடுக்கம் 6 − 3 = 3. 0.5 = ½ × 3 × காலத்தின் இருமடி. காலம் 0.58 வினாடி. இங்கே 6 அல்லது 3 ஐத் தனியாகப் போடுவதுதான் வழக்கமான தவறு. விளிம்பு தாண்டத் தொடங்குவது பின்பக்கம், ஆனால் தரையில் நிற்பவருக்கு அந்தக் கட்டை அப்போதும் முன்னோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும்.

மதியவகுப்பு:
அப்படியானால் அதே 18 நியூட்டனை மேல் கட்டையில் கொடுத்தாலும் எல்லை 24 தானே? வழுக்காது, முடுக்கம் 3 என்று எழுதலாமா?

விசைப்படம்:
எழுதக் கூடாது. மேலே இழுத்தால் உராய்வை நம்பிப் போவது கீழ்க் கட்டை. அதன் நிறை 4. சேர்ந்து 3 இல் போக அதற்கு 12 நியூட்டன் தேவை, உச்சம் 8. வழுக்கிவிடும். எல்லையை மறுபடி போடுங்கள்: கீழ்க் கட்டைக்கு அதிகபட்ச முடுக்கம் 8 ÷ 4 = 2, விசை 6 × 2 = 12 நியூட்டன். 18 என்பது 12 ஐத் தாண்டியது, ஆகவே இயக்க உராய்வு 6. மேல் கட்டை (18 − 6) ÷ 2 = 6, கீழ்க் கட்டை 6 ÷ 4 = 1.5 மீ/வி².

24 என்ற எண்ணை மனதில் வைக்காதீர்கள். எந்தக் கட்டைக்கு உராய்வு மட்டுமே துணை என்று பார்த்து, அந்தக் கட்டையிலிருந்து தொடங்குங்கள். தரையும் சொரசொரப்பு என்றால் இன்னொரு பொறி காத்திருக்கும்: தரை தாங்குவது கீழ்க் கட்டையை மட்டுமல்ல, இரண்டையும். செங்குத்து விசை 40 அல்ல, 60 நியூட்டன்.

எதிர்ச்சார்பு:
பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போதும் இந்த “வைத்துக்கொள், பிறகு சோதி” முறை கைகொடுக்கும் என்பதால் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

செனார் டையோடு: 12 வோல்ட் மூலம், தொடர் மின்தடை 800 ஓம், பளு 200 ஓம், பளுவுக்குப் பக்க இணைப்பில் 6 வோல்ட் செனார் (6 வோல்ட்டை எட்டினால் முறிவு நிலைக்குப் போய், மின்னோட்டத்தைக் கடத்தி, அந்த மின்னழுத்தத்திலேயே நிறுத்தும் டையோடு). செனார் என்றதும் பளுவில் 6 வோல்ட் என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் 800 ஓம் வழியே வருவது 6 ÷ 800 = 7.5 மில்லிஆம்பியர், பளுவுக்கு வேண்டியது 6 ÷ 200 = 30 மில்லிஆம்பியர். செனார் வழியே −22.5 மில்லிஆம்பியர்! முறிவில் இருக்கும் செனார் மின்னோட்டத்தை வெளியே தள்ளாது. எனவே முறிவு நடக்கவில்லை. செனாரைக் கழற்றிவிட்டதாக நினைத்துப் போட்டால் பளுவில் 12 × 200 ÷ 1000 = 2.4 வோல்ட். 6 ஐ எட்டவே இல்லை. விடை 2.4.

ஒளியியல்: ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியிலிருந்து காற்றுக்கு 45° இல் கதிர் வருகிறது. விலகி வெளியே போகிறது என்று வைத்தால் விலகு கோணத்தின் சைன் 1.5 × 0.707 = 1.06. ஒன்றைத் தாண்டிய சைன் கிடையாது. கால்குலேட்டர் பிழை காட்டியதும் தட்டச்சுத் தவறென்று மறுபடி அழுத்த வேண்டாம். கதிர் வெளியே போகவில்லை, முழு அக எதிரொளிப்பு. மாறுநிலைக் கோணம், அதாவது தாண்டினால் கதிர் வெளியேற முடியாத கோணம், 41.8° என்பதோடு ஒத்தும் போகிறது.

மதியவகுப்பு:
கடைசி உட்பிரிவை நானே போட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். முழு அமைப்பும் 2 மீ/வி² முடுக்கத்தில் மேலேறும் மின்தூக்கியில் இருக்கிறது, கீழ்க் கட்டையை இழுக்கும் விசை 27 நியூட்டன். மேல் கட்டையின் செங்குத்து விசை 2 × (10 + 2) = 24. உராய்வின் உச்சம் 0.4 × 24 = 9.6. சேர்ந்து போனால் கிடைத்திசை முடுக்கம் 27 ÷ 6 = 4.5, தேவையான உராய்வு 2 × 4.5 = 9. 9.6 க்குள் இருக்கிறது. வழுக்காது, உராய்வு 9 நியூட்டன், முடுக்கம் இரண்டுக்கும் 4.5.

சாக்பீஸ்:
சரி. 27 ÷ 6 இல் 6 ஐ மாற்றாமல் விட்டதும் சரி. மின்தூக்கி செங்குத்து விசையைத்தான் கூட்டுகிறது, நிறையை அல்ல. எல்லை விசை 6 × 4.8 = 28.8 நியூட்டன் என்று பக்கத்தில் எழுதிவிட்டால் அடுத்த உட்பிரிவும் முடிந்தது.