மூடிக் கிடக்கும் பியானோவைத் தேடி: பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர் ஏரிக்கரை:

வாய்ப்பாட்டு கற்றவர் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பாடிவிடலாம். வயலின்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பியானோ கற்றவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவரோரம் நிற்கும் சாதாரண பியானோவே இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும். அது எங்கே நிற்கிறதோ அங்கே நாம்தான் போயாக வேண்டும்.

நான் முப்பத்தெட்டாவது வயதில் கற்கத் தொடங்கினேன். இப்போது நாற்பத்தாறு. கணக்குத் தணிக்கை வேலை. இந்த எட்டு ஆண்டுகளில், அண்மைக்காலம்வரை, என் வாசிப்பைக் கேட்டவர்கள் கணவர், மாமியார், ஆசிரியை ஆகிய மூவர் மட்டுமே. ஒரு மாலை மாமியார், "இத்தனை நாளாகச் சாதகம் செய்கிறாயே அம்மா, யாருக்கு வாசிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தூக்கமும் இல்லை.

முதலில் மேடைகளை விசாரித்தேன். வயலின் வடிவில் கட்டப்பட்ட சௌடையா நினைவு மண்டபத்தின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஆசை வரும். ஆனால் அவ்வளவு பெரிய அரங்கை நிரப்ப என்னிடம் ஆட்களும் இல்லை, அதற்கேற்ற வாசிப்பும் இல்லை. எம்.ஜி. சாலை மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ரங்கஸ்தலா போன்ற சிறிய அரங்குகள் மனத்துக்கு நெருக்கமாகத் தோன்றின. அங்கும் வாடகை, ஒலி ஏற்பாடு, பியானோவைக் கொண்டுவருவது என்று கணக்குப் போட்டபோது கை தளர்ந்துவிட்டது. "மேடை எங்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பியானோ எங்கே?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் வழி தென்பட்டது.

நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தார்கள். அதை ஒட்டி வந்து குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இருக்கிறார்கள். அந்தப் பகுதிப் பழைய பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் மன்றங்களிலும் பியானோக்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. என் அலுவலகத் தோழியின் மகள் படிக்கும் பள்ளியில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அனுமதி கேட்டுப் போனேன். கூட்ட அரங்கின் மூலையில் நின்றது. மேலே விளையாட்டுக் கோப்பைகள், பக்கத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. தலைமையாசிரியை, "தாராளமாக வாசியுங்கள் அம்மா, ஆனால் அதில் சத்தம் சரியாக வராது" என்றார்.

உண்மைதான். அழுத்திய கட்டை எழும்பவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருந்தது, கம்பளித் துண்டுகளைப் பூச்சி அரித்திருந்தது. சுருதி சேர்ப்பவரை அழைத்து வந்தேன். அறுபதைக் கடந்தவர், திருச்சிப் பக்கத்துக்காரர். கீழ்ப்பலகையைக் கழற்றியதும் உள்ளே ஒரு சிலேட்டுக் குச்சி, இரண்டு பத்துப் பைசா நாணயங்கள், ஒரு சீருடைப் பொத்தான். எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். மத்திய ஸ்தாயி 'ஏ' ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வில் நிற்க வேண்டும். இங்கே ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தது. "ஒரே நாளில் மேலே இழுத்தால் பழைய கம்பி அறுந்துவிடும் அம்மா. இருநூறுக்கு மேல் கம்பி இருக்கிறது. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் இறங்கும். இன்று பாதி, அடுத்த மாதம் மீதி" என்றார். செலவில் பாதியை நான் ஏற்றேன், பாதியைப் பள்ளி ஏற்றது. பதிலுக்கு, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை முக்கால் மணி நேரம் குழந்தைகளுக்கு வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை அறுபது குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூடில் தொடங்கினேன். ஒரே விரலமைப்பு ஏறக்குறையக் கடைசிவரை அலையலையாகத் திரும்பி வருவதால் நடுங்கும் கைக்கு அது நல்ல தொடக்கம். ஆனாலும் நடுவில் ஒரு முறை விட்டுவிட்டேன். விட்ட இடத்திலேயே இரண்டு நொடி நின்று, மறுபடி பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "உங்கள் கால் என்ன செய்கிறது, ஆண்ட்டி?" என்று கேட்டான். அவனை அருகில் அழைத்து ஒரு கட்டையை அழுத்தி விடச் சொன்னேன். ஒலி சட்டென்று நின்றது. பிறகு நான் பெடலை மிதித்துக்கொள்ள, அவன் மறுபடி அழுத்தி விரலை எடுத்தான். ஒலி நீண்டுகொண்டே போனது. அது முழுவதும் அடங்கும்வரை அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியாரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த ஊரில் நீங்கள் எங்கே, எப்படி வாசித்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

பாமாலைக்காரன்:

அம்மா, என் கதை தேவாலயத்தில் தொடங்கியது. சிறு வயதில் அப்பா என்னைக் கப்பன் சாலையில் உள்ள புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்துக்கு அழைத்துப் போய்க் குழல் ஆர்கனைக் கேட்க வைத்தார். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் தமிழ்ச் சபையில் வாசிப்பவர் ஊர் மாறிப் போனபோது, ஆயர் என்னைக் கேட்டார். நான் தயங்கினேன். பாமாலை, அதாவது ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு, நான்கு குரலாக எழுதப்பட்டது. தனியாக வீட்டில் வாசிப்பது எளிது. இருநூறு பேர் சேர்ந்து பாடும்போது கூட்டம் அரைத் தாளம் பின்னால் இழுக்கும். அவர்களுக்காகக் காத்திருந்தால் பாட்டு மேலும் மேலும் தளர்ந்துவிடும். காத்திருக்கக் கூடாது. வரி முடிவில் அவர்கள் மூச்சு வாங்கும்போது நாமும் கையை எடுத்து அவர்களோடு மூச்சு வாங்க வேண்டும், அடுத்த வரியைத் துணிந்து எடுக்க வேண்டும். இதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பாடகர் குழுவில் ஆல்ட்டோ எனும் தாழ்ந்த பெண்குரலில் பாடும் ஓர் அக்கா சொன்னார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆராதனைக்கு முந்தைய பத்து நிமிடம். மக்கள் வந்து அமரும் நேரம், யாரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மெதுவான உருப்படிகள் மூன்றை அந்த நேரத்தில் வாசிக்கலாம். நான் ஓராண்டு அதை மட்டுமே செய்தேன். அறுப்பின் பண்டிகையன்று முதன்முறையாக முழு ஆராதனைக்கும் வாசித்தேன். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குள் கை நடுக்கம் நின்றுவிட்டது. பெரும்பாலான ஆலயங்களில் வாசிக்க ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்கள் சபையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைக்கட்டை:

கோரமங்களாவில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. எனக்கு ஆலயமும் இல்லை, பள்ளியும் இல்லை. உணவகங்களைத்தான் கேட்டேன். ஏழு இடங்களில் கேட்டு, ஏழிலும் இல்லை என்றார்கள். எட்டாவது இடத்துக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் போனேன். ஜூன் 21 உலக இசை நாள் என்பதைச் சொல்லிக் கேட்டேன். 1982இல் பிரான்சில் இதைத் தொடங்கியபோது தொழில்முறை, பொழுதுபோக்கு என்ற பேதமில்லாமல் எல்லோரும் தெருவுக்கு வந்து வாசிக்க வேண்டும் என்பதே நோக்கம். இதைக் கேட்டதும் உரிமையாளர் சற்று யோசித்துவிட்டு ஒரு மணி நேரம் கொடுத்தார். சாதாரண நாளில் கேட்பதைவிட ஒரு காரணத்தோடு கேட்பது எவ்வளவோ மேல் என்று அன்று கண்டுகொண்டேன்.

அன்று நடந்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவருக்கு நேரக் கூடாது. என் டிஜிட்டல் பியானோ 88 கட்டை உடையது, பதினொன்றரைக் கிலோ. ஆட்டோவில் குறுக்காக வைத்துக் கொண்டுபோய்விட்டேன். ஒலி வெளியே போக அதில் தனித் துளை கிடையாது, ஹெட்போன் துளை ஒன்றுதான். அதில் கம்பியைச் செருகி உணவகத்து ஒலிபெருக்கியோடு இணைத்தவுடன் பியானோவின் சொந்த ஸ்பீக்கர்கள் அணைந்துவிட்டன. ஒலிபெருக்கிகளோ வாசலைப் பார்த்து இருந்தன. நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. பாதிப் பாட்டில் பெடலும் வழவழத்த தரையில் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. இடது காலால் அதைத் துழாவிக்கொண்டே வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

மறுமுறை போகும்போது மூன்று பொருள்களை எடுத்துப் போனேன். பெடலுக்கு அடியில் போட ஒரு ரப்பர் மிதியடி. ஒலியை இரண்டாகப் பிரிக்கும் கம்பி. காலடியில் என்னைப் பார்த்து வைக்க ஒரு சிறிய ஸ்பீக்கர். மேசைக்கு ஒருவராக ஆறு பேர்தான் இருந்தார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி என்ற மெதுவான உருப்படியை வாசித்தேன். ஜன்னலோரம் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்த பெண் திரையை மூடிவிட்டுக் கடைசிவரை கேட்டாள். பிறகு உரிமையாளரே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை எனக்கு ஒதுக்கிவிட்டார்.

ஓய்வுபெற்ற விரல்கள்:

நேரில் ஆட்களைப் பார்த்தாலே உறைந்துபோகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு 2020இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு தேர்வில் நான்கு உருப்படிகளை நிறுத்தாமல் தொடர்ந்து வாசித்து, காணொளியாக அனுப்ப வேண்டும். ஸ்கேல் எனும் ஸ்வர வரிசைப் பயிற்சி இல்லை, தேர்வாளரும் எதிரில் இல்லை. ஒவ்வோர் உருப்படிக்கும் 30 மதிப்பெண், வாசிப்பு முழுமையாக எப்படி அமைந்தது என்பதற்கு இன்னொரு 30, ஆக 150. தேர்ச்சிக்கு 100. அந்தக் கடைசி 30தான் எனக்கு மேடையைக் கற்றுத் தந்தது. ஒன்றை முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் அறுபத்தேழு வயதில் யோசித்தேன். வெள்ளை வேட்டி, சட்டையோடு உட்கார்ந்துதான் பதிவு செய்தேன். பதினோரு முறை எடுக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு உருப்படிகளைத்தான் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வாசிக்கிறேன்.

எட்டாவது கிராஸ்:

மல்லேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். நம்மிடம் ஆண்டுதோறும் ஒன்பது நாள் மேடை இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே! கொலு வைத்த வீட்டில் வருகிறவர்களை ஒரு பாட்டாவது பாடாமல் சுண்டல் கொடுத்து அனுப்புவார்களா? நான் பாட மாட்டேன். அதனால் போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கொலுப்படிக்கு எதிரே டிஜிட்டல் பியானோவை வைத்தேன்.

கொலுவுக்கு மேல்நாட்டு இசை பொருந்துமா என்று மூன்று நாள் குழம்பினேன். பிறகு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் நினைவுக்கு வந்தன. சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். எல்லாம் சங்கராபரணம், அதாவது பியானோவின் சி மேஜர், வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். சக்தி ஸஹித கணபதிம் என்பதை எடுத்தேன்.

இரண்டு வரி வாசித்திருப்பேன், எதிர்வீட்டு மாமி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்தார். சுருதி சேரவில்லை. நான் ஒரு கட்டைச் சுருதியில், அதாவது 'சி'யில்; மாமி ஐந்து கட்டைக்காரர், அதாவது 'ஜி'. அவரே நிறுத்தி, "கொஞ்சம் என் சுருதிக்கு வாயேன்" என்றார். பொத்தானை அழுத்தி ஐந்து அரை ஸ்வரம் இறக்கினேன். விரல்கள் பழகிய இடத்திலேயே இருக்க, ஒலி மட்டும் மாமியின் இடத்தில் வந்தது. எழுபத்திரண்டு வயது, குரலில் ஒரு கார்வை கூடக் குலையவில்லை. அடுத்த எட்டு நாளும் விளக்கேற்றிய கையோடு வந்துவிட்டார். வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் அழைத்தார்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ரப்பர் மிதியடியை இன்றே வாங்கிவிட்டேன், எங்கள் அரங்கத் தரையும் வழுக்கும். பாமாலைக்காரரே, வரி முடிவில் கையை எடுப்பது பற்றி நீங்கள் எழுதியதை நேற்று குழந்தைகளைப் பாடவைத்துச் சோதித்துப் பார்த்தேன். நான் கையை எடுத்ததும் அறுபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. இந்த எட்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சத்தம் அதுதான்.

பள்ளிப் பியானோவுக்கு இரண்டாம் முறை சுருதி சேர்த்தாயிற்று. 440க்கு வந்துவிட்டது. கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் மழை நாளில் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. குரோட்டன்ஸ் தொட்டியை வராந்தாவுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

எட்டாவது கிராஸ், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் பியானோவில் சுருதி இறக்கும் பொத்தான் கிடையாது. அந்த நோட்டுஸ்வரத்தை ஐந்து கட்டையில் எழுதி அனுப்புவீர்களா? ஒரே ஒரு கருப்புக் கட்டைதான் கூடும், வாசித்துவிடுவேன். கடைசிச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாமியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன்.