ஏரியும் ஆறும் சேரும் சதுப்பில் பறவை பார்க்க எங்கே நிற்பது?

கேள்வி:
பெரிய ஏரி, அதில் ஒரு ஆறு வந்து கலக்கிறது, சுற்றிலும் சதுப்பு. கரையோரமாக நடந்தால் தூரத்தில் நீர்க்காகங்கள் மட்டும்தான் தெரிகின்றன. உள்ளான் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவை), நாரையெல்லாம் கிட்டத்தில் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

பதில் 1:
ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்துக்கு முதலில் போங்கள். ஆறு கொண்டுவரும் வண்டல் அங்கேதான் படியும், ஆழம் குறையும், சேற்றில் புழு பூச்சி நிறைய இருக்கும், அதனால் உள்ளான்கள் அங்கே கூடும். கொசு உள்ளானுக்குக் கால் குட்டை, நம் கணுக்கால் அளவு தண்ணீர்கூட அதற்கு அதிகம். ஈரச்சேறு பளபளக்கும் விளிம்பைப் பைனாகுலரில் மெதுவாக அலசுங்கள், சேற்றோடு சேறாக நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். நீர்மட்டம் இறங்கும் மாதங்கள்தான் இதற்குத் தோது.

பதில் 2:
சரியாகச் சொன்னீர்கள். அப்புறம், வெயில் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும்: காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். கிளம்புமுன், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் அந்த ஏரியில் எந்த மாதம் எது பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 3:
கோரைப்புல் ஓரத்தை விட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் தாழைக்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு வெளியே வரும், அசையாமல் உட்கார்ந்தால் போதும். கூடு கட்டும் காலத்தில் மட்டும் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள்; தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கெட்டுவிடும், காகமும் தூக்கிக்கொண்டு போய்விடும்.