வீட்டுத் தேவைக் கணக்கு: வேலூருக்கு எந்த எண்ணை எடுப்பது?

பழைய_பைபாஸ் (கேள்வி)

வேலூர் மாநகராட்சியில் கொடுக்க வார்டு வாரியா வீட்டுத் தேவை பற்றி ஒரு மனு தயாராகுது. கையில் மூணு கணக்கு இருக்கு: 2011 சென்சஸ், 2012ல் அமிதாப் குண்டு தலைமையிலான கமிட்டி நாட்டின் நகரங்களுக்குச் சொன்ன 1.878 கோடி வீடு பற்றாக்குறை, பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு (நகர்ப்புறம்) யாருக்கு வீடு வேணும்னு எடுத்த டிமாண்ட் சர்வே. மூணும் அரசாங்கக் கணக்குதான், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. திட்டத்தை நடத்துற துறை எடுத்ததை விட, வெளியில் இருக்கிற அரசு அமைப்பு எடுத்ததை நம்பலாமா? அதை வேலூர் அளவுக்கு இறக்க முடியுமா?

கணக்குப்புள்ள

முதல்ல ஒரு திருத்தம். குண்டு கமிட்டியை அமைச்சதே மத்திய வீட்டு வசதி அமைச்சகம்தான். அதுக்கு பலம் கொடுத்தது கமிட்டி இல்ல, அது எடுத்துக்கிட்ட சென்சஸ், என்எஸ்எஸ் (தேசிய மாதிரி ஆய்வு) தரவு.

அந்த 1.878 கோடியைப் பிரிச்சுப் பாருங்க. நெரிசலில் இருக்கிற குடும்பங்கள் 1.499 கோடி. பழசாகி இடியுற நிலையில் 22.7 லட்சம், நிலைக்காத கச்சா வீடு 9.9 லட்சம், வீடே இல்லாதவங்க 5.3 லட்சம். அதாவது அஞ்சில் நாலு பங்குக்குத் தலைக்கு மேல கூரை இருக்கு, கல்யாணமான ஜோடிக்குத் தனி அறைதான் இல்ல. 2011 சென்சஸ்படி நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடு பூட்டிக் கிடந்ததும் இதே காலம்தான். இதைப் படிச்சா மாடியில் ஒரு அறை எடுக்க உதவி, வாடகை வீடு, இந்த ரெண்டும்தான் முன்னால வரணும். ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டுறது பின்னால.

டிமாண்ட் சர்வே வேற ஜாதி. 2 கோடின்னு ஆரம்பிச்ச திட்டம், சர்வேக்குப் பிறகு 1.12 கோடிக்கு இறங்கினது. தேவை குறைஞ்சதால இல்ல. சொந்த மனையில் கட்டிக்கிற பிரிவுக்கு நிலத்துக்குக் காகிதம் வேணும். ஏரிப் புறம்போக்கிலும் பாலாற்றங்கரையிலும் இருக்கிறவங்க அங்கேயே கழிஞ்சிடுவாங்க. அது விண்ணப்பத்தின் எண்ணிக்கை, தேவையின் எண்ணிக்கை இல்ல.

கோட்டை_அகழி

வேலூருக்குன்னு இறக்கும்போது முதல் அடி எல்லையில் விழும். 2011 சென்சஸ் "வேலூர் மாநகராட்சி"ன்னு காட்டுற மக்கள்தொகை 1,85,803. அது பழைய எல்லை. சத்துவாச்சாரி, தாராபடவேடு எல்லாம் அந்தக் கணக்கில் தனித்தனி ஊர், பிறகுதான் சேர்ந்தது. இப்போதைய 60 வார்டுக்கு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தா பாதி ஊர் காணாமப் போயிடும். மாவட்ட வரியும் அப்படித்தான்: 2011 வேலூர்ல இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் அடக்கம், 2019ல் தான் பிரிஞ்சது.

சென்சஸ் தளத்தில் எச்எச்-14 அட்டவணையை எடுங்க. வார்டு வரைக்கும் அறை எண்ணிக்கை, ஜோடி எண்ணிக்கை, சொந்தமா வாடகையா எல்லாம் இருக்கும். ஆனா எல்லாம் சதவீதம். சதவீதத்தை சதவீதத்தோட கூட்டி சராசரி போடுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. ஒவ்வொரு ஊரின் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கி, பிறகு கூட்டி, திரும்ப வகுக்கணும். இன்னொன்னு, அறையும் ஜோடியும் தனித்தனி பத்தி. ஒரு அறை வீட்டில் எத்தனை ஜோடின்னு அதிலிருந்து கிடைக்காது. அதனால "நெரிசல் இவ்வளவு"ன்னு எழுதாதீங்க, "ஒரு அறை வீடு இவ்வளவு சதவீதம்"னு எழுதுங்க. அப்போ யாரும் கேள்வி கேட்க முடியாது.

சிஎம்சி ஆஸ்பத்திரி சுத்துவட்டாரத்தைத் தனியா பாருங்க. நோயாளி வீட்டாருக்கு வாடகைக்கு விடுற அறையை கணக்கெடுக்கிறவர் லாட்ஜ்னு எழுதினா குடியிருப்பு கணக்கிலிருந்து போகும், ஆள் இல்லாத அன்னிக்கு வந்தா காலின்னு விழும். ரெண்டுமே உள்ளூர் வாடகைக்காரருக்குக் கிடைக்காத வீடுதான்.

பழைய_பைபாஸ்

நன்றி சார். என்எஸ்எஸ்ல வேலூருக்குத் தனியா எடுக்க முடியாதா? 2018ல் எடுத்த 76வது சுற்றில் வீட்டு நிலைமை இருக்கே.

கணக்குப்புள்ள

இருக்கு, ஆனா நாடு முழுக்க 1,06,838 குடும்பம்தான். ஒரு மாவட்டத்துக்கு விழுறது ரொம்பக் கொஞ்சம், அதில் சதவீதம் போட்டா ஆடும். மண்டல அளவோட நிறுத்துங்க. நம்ம மண்டலத்துக்குப் பெயர் "கடலோர வடக்கு"! கடலே பார்க்காத வேலூர் சென்னையோட ஒரே கூடையில்.

அலகுத் தரவை (குடும்பம் குடும்பமா இருக்கிற மூலத் தரவை) இறக்கினா எடை போடாம எண்ணாதீங்க. அந்த எடை இருக்கிற மல்டிப்ளையர் பத்தியை 100ஆலயா 200ஆலயா வகுக்கணும்னு கூட வர்ற விளக்கக் கோப்பில் இருக்கும். 200க்குப் பதிலா 100ஆல வகுத்தா எண்ணிக்கை ரெண்டு மடங்காகும். 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படையா வெச்சு மாதிரி எடுக்கிறாங்க. இனி வர்ற சுற்றுகளில் மாவட்டக் கணக்கு எதிர்பார்க்கலாம்.

ஆம்பூர்_தோல்

"வெளி அமைப்பை நம்பலாமா"ங்கிற கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல. என்எஸ்எஸ் ஒரு அமைச்சகத்துக்குக் கீழே. 2017-18 நுகர்வு செலவு சர்வேயை அரசே கைவிட்டது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து ரெண்டு பேர் விலகினாங்க. அந்த ஆணையத்துக்கு சட்டத்தின் முதுகெலும்பும் இல்ல. சிஏஜிக்கு (அரசுக் கணக்குத் தணிக்கை செய்றவர்) அரசியலமைப்பின் 148வது பிரிவு இருக்கு, ஆனா அவங்க பார்ப்பது செலவான பிறகு. எத்தனை வீடு வேணும்னு சொல்ல மாட்டாங்க, கட்டினதுல யார் குடியிருக்காங்கன்னு சொல்வாங்க. ரெண்டையும் சேர்த்தே படிக்கணும்.

மனுவோட ஒரு ஆர்டிஐயும் (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. "ஏன் குறைஞ்சுது"ன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பிடுவாங்க. டிமாண்ட் சர்வே படிவத்தின் நகல், வார்டு வாரியா வந்த விண்ணப்பம், தள்ளுபடி ஆனது, தள்ளுபடிக்குக் காரணம் வாரியா எண்ணிக்கை, இவ்வளவு போதும். பெயர் கேட்காதீங்க, தனிநபர் தகவல்னு மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. கோப்பு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் இருந்தா அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி அஞ்சு நாளில் அவங்களே அங்கே அனுப்பணும். 30 நாளில் பதில் வரலேன்னா முதல் மேல்முறையீடு. "பட்டா இல்லை"ங்கிற காரணத்துக்கு எதிர்ல வர்ற எண்ணை எடுத்து கோட்டை_அகழி சொன்ன ஒரு அறை சதவீதத்துக்குப் பக்கத்துல வார்டு வார்டா வைங்க.