ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் சக்குலென்ட் (சதைப்பற்றுச் செடி): அடி இலைகள் அழுகுது, கல் அடுக்கைக் கூட்டணுமா?

கிண்ணத்தோட்டம் கேட்டது:
மேலே திறந்த கண்ணாடிக் கிண்ணம், 25 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். அடியில் 4 செ.மீ. கூழாங்கல், அதுக்கு மேல ஒரு கைப்பிடி கரி, பிறகு 5 செ.மீ. சாதாரணத் தொட்டி மண், மேலாக வெள்ளை மணல். செடிகள் எல்லாம் சக்குலென்ட் வகை: ரெண்டு எச்செவேரியா, ஒரு ஹவோர்த்தியா, ஒரு ஜேட். வாரம் ரெண்டு தடவை ஸ்பிரே. நட்டு அஞ்சு வாரம் ஆச்சு. எச்செவேரியாவின் அடி இலைகள் மஞ்சளாகி, ஊறின திராட்சை மாதிரி ஒளி ஊடுருவுது. தொட்டாலே கழன்று வருது. நடுத்தண்டு மட்டும் நீளுது. வடிகாலுக்குக் கல்லை இன்னும் கூட்டணுமா?

வேர்முடிச்சு:
கூட்டாதீங்க, குறைங்க. கல் அடுக்கு வடிகால் இல்லை. பொடி மண்ணில் இருக்கிற நீர், மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி நிரம்புற வரைக்கும் கீழே பெரிய கல்லுக்கு இறங்காது. நுண்துளைகள் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். 4 செ.மீ. கல் போட்டதால் அந்த ஈர மண்டலம் வேருக்கு 4 செ.மீ. பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டை இல்லாத கிண்ணத்தில் நீர் வெளியேற ஒரே வழி ஆவியாவதுதான், அதையும் மேலே இருக்கிற நைஸ் மணல் தடுக்குது.

மண்ணை மாத்துங்க. அளவு இது: 2 பங்கு பியூமிஸ் (துளையுள்ள எரிமலைக் கல்) அல்லது பெர்லைட் (சூட்டில் பொரிஞ்ச லேசான வெள்ளைக் கல் துகள்), 1 பங்கு 2 முதல் 4 மி.மீ. சைஸ் கழுவின பருமணல், 1 பங்கு கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மக்கின உரமும் பாதிக்குப் பாதி. பருமணலைச் சல்லடையில் சலிச்சுத் தூசியைக் கண்டிப்பா நீக்கணும். அந்தத் தூசிதான் துளைகளை அடைக்கும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. இந்தக் கிண்ணத்துக்கு 7, 8 செ.மீ. ஆழத்தில் சுமார் 3 லிட்டர் கலவை பிடிக்கும்.

கரி கெடுதலும் இல்லை, திறந்த கிண்ணத்தில் பெரிய பலனும் இல்லை.

மண்கலவை:
மேல சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா கல்லை முழுசா எடுக்க வேண்டாம். 1 செ.மீ. இருக்கட்டும். கண்ணாடி வழியா அங்கே தண்ணி தேங்குதான்னு பார்க்க அது ஒரு ஜன்னல். நடும்போதே ஒரு மெல்லிய மீன்தொட்டிக் குழாயை ஓரமா அடி வரை இறக்கி, வாயை ஒரு கல்லால் மறைச்சிடுங்க. தண்ணி கூடிப்போனா சிரிஞ்சைக் குழாயில் மாட்டி உறிஞ்சி எடுத்துடலாம்.

ஸ்பிரேயை விட்டுடுங்க. மேல் ஒரு செ.மீ. மட்டும் நனைஞ்சு காயும், வேருக்குப் போகாது; எச்செவேரியாவின் இலை நடுவில் தேங்கி அழுக வைக்கும். சிரிஞ்சில் ஒவ்வொரு செடியின் அடியிலும் 30 முதல் 40 மி.லி., கிண்ணத்துக்கு மொத்தம் 150 மி.லி.க்குள். கணக்குக்குச் சமையல் தராசு போதும். 1 மி.லி. தண்ணி 1 கிராம். கிண்ணம் காய்ஞ்சிருக்கும்போது 4,200 கிராம் இருந்தா, 150 மி.லி. ஊத்தினதும் 4,350. மறுபடியும் 4,200 பக்கம் வந்த பிறகும் மூணு நாலு நாள் விட்டுத்தான் அடுத்தது. நாள்காட்டியைப் பார்த்து ஊத்துறதுதான் எல்லாத் தப்புக்கும் தாய்.

கற்றாழைக்காடு:
செடியைக் காப்பாத்துற வேலையை யாரும் சொல்லலை. எச்செவேரியாவைப் பிடுங்கி, தண்டைச் சுத்தமான பிளேடால் அடியிலிருந்து சீவுங்க. வெட்டின முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிஞ்சா இன்னும் மேலே. முழுக்க வெளிர்பச்சையா வரும் வரை. 4, 5 நாள் நிழலில் வைங்க. வெட்டு காய்ஞ்சு தோல் கட்டினதும் உலர்ந்த கலவையில் நடுங்க, ஒரு வாரம் தண்ணி வேண்டாம். இலை சுருங்கி மெலிஞ்சா தாகம்னு உடனே ஊத்தாதீங்க. வேர் அழுகினாலும் தண்ணி ஏறாம இலை அப்படித்தான் சுருங்கும். முதல்ல ஒரு மூங்கில் குச்சியை அடி வரை குத்தி எடுத்துப் பாருங்க. குச்சி ஈரமா வந்தா அது தாகம் இல்லை.

தண்டு நீளுறது வெளிச்சம் பத்தாம. நீண்டது திரும்பக் குறையாது. தலையை வெட்டி நடணும். எச்செவேரியாவுக்கு நாலு மணி நேரக் காலை வெயிலாவது வேணும். ஹவோர்த்தியா அதே வெயிலில் சிவந்து சுருங்கும். ரெண்டையும் ஒரே கிண்ணத்தில் வைக்கிறது அழகுக்காகப் பண்ற வம்பு. வெளிச்சம் குறைந்த இடம்னா ஹவோர்த்தியா, காஸ்டீரியா (இன்னொரு சக்குலென்ட்) மட்டும் வைங்க. ஜேட் மரமா வளரும், அதைத் தனித் தொட்டிக்கு மாத்திடுங்க.

கிண்ணத்தோட்டம்:
நன்றி. வெள்ளை மணலுக்குப் பதிலா மேலே என்ன போடலாம்? நண்பகல் வெயில் படுற ஜன்னல்தான் இருக்கு, பரவாயில்லையா?

வேர்முடிச்சு:
5 மி.மீ. சரளை, ஒரே அடுக்கா. நண்பகல் வெயிலில் கண்ணாடிக்குள் காத்து அசையாம சூடேறும், கண்ணாடியை ஒட்டின இலைகள் வெந்துபோகும். ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போட்டு, கிண்ணத்தை ஜன்னலிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைங்க. வாரம் ஒரு தடவை கால் வட்டம் திருப்புங்க. இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிஞ்சா மாவுப்பூச்சி. 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் நனைச்சு, அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைங்க. எச்செவேரியா இலையில் இயற்கையா இருக்கிற வெள்ளை மாவுப் படலத்தைத் தேய்ச்சு எடுத்துடாதீங்க, அது வெயிலுக்கான கவசம்.