4294967297 பகா எண்ணா? சி-யில் 0, பைத்தானில் 1 வருகிறது

கேட்டவர்:
பகா எண் சோதிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 2-ஐ n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று எடுத்துக்கொள்கிறேன். 3 முதல் 100 வரை ஒரு தப்பும் இல்லை. 4294967297-ல் மாட்டிக்கொண்டேன். சி-யில் குறியில்லா 64 பிட்டில் மீதி 0. அதே வரிகள் பைத்தானில் 1 தருகின்றன. பைத்தானில் 2-க்குப் பதில் 4, 8, 16 போட்டும் பார்த்துவிட்டேன், எல்லாம் 1. அப்போ பகா எண்தானே? சி-யில் எங்கே பிழை?

பதில் 1:
0 வந்ததுமே சந்தேகப்பட்டிருக்கணும். 2-இன் எந்த அடுக்கையும் ஒற்றைப்படை எண் (1 தவிர) மீதியின்றி வகுக்காது. உங்கள் எண் 2³²+1. வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536, 4294967296. அடுத்தது 2⁶⁴. 64 பிட்டில் அடங்குவது 2⁶⁴−1 வரைதான். ஒன்றே ஒன்று கூடியதால் 0 ஆகிவிட்டது. பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள்.

கேட்டவர்:
சி-யிலும் 1 வந்துவிட்டது! பகா எண்தான். நன்றி.

பதில் 2:
பொறுங்கள், 641-ஆல் வகுத்துப் பாருங்கள். 641 × 6700417. உங்கள் பழைய சி புரோகிராம் சொன்ன தீர்ப்பு சரி, காரணம்தான் தப்பு!

2³²-இன் மீதி −1. அதனால் 2⁶⁴-இன் மீதி 1. n−1 என்பது 2³², அது 64-இன் மடங்கு. ஆகவே 2-ஐ வைத்துச் சோதித்தால் 1 வந்தே தீரும். 4, 8, 16 எல்லாம் 2-இன் அடுக்குகள். ஒரே சாட்சிக்கு நாலு சட்டை மாற்றிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். 3-ஐப் போடுங்கள்.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று போகும்போது 1 கூட்டிக் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 போல இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். 1732-ல் ஆய்லர்தான் உடைத்தார்.

கேட்டவர்:
3-க்கு மீதி 3029026160! ஆனால் கையால் 641-ஐ எப்படிப் பிடித்தார்? 65536 வரை எல்லாப் பகா எண்களையும் வகுத்தா பார்த்தார்?

பதில் 2:
தேவையே இல்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கையில் 2-இன் அடுக்குகளில் 64-ஆவதுதான் முதன்முதலாக மீதி 1 தரும். எனவே p−1 என்பது 64-இன் மடங்கு. அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே முடிந்தது. ஃபெர்மா எப்படித் தவறவிட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பதில் 3:
வகுக்காமலே காட்டலாம். 641 = 5×2⁷+1, அதுவே 5⁴+2⁴-உம் கூட. முதலாவதிலிருந்து 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-க்குப் பதில் −2⁴ வைக்கலாம். ஆக −2³²-இன் மீதி 1. அவ்வளவுதான்.

கேட்டவர்:
2-ஐ மட்டும் வைத்து 1000 வரை ஓட்டினேன். 341, 561, 645 மூன்றும் பகா எண் வேஷத்தில் இருந்தன. 3-ஐயும் சேர்த்ததும் மூன்றும் மாட்டின. (3-ஐயே பகா எண் இல்லை என்றது, அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று.)

பதில் 1:
இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். 1105-ல் மறுபடி வருவீர்கள்.