ஊரடங்கு நாள்ல உங்களுக்கு போன்ல துணையா இருந்தது யாரு?

2020-ல எனக்கு 22 வயசு. மார்ச் 11 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சப்போ, ரெண்டு வாரத்துல எல்லாம் சரியாயிடும்னுதான் நினைச்சேன். மே மாசம் வந்தப்போ, பொழுது விடியற வரைக்கும் தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடன்னு அடிக்கும். பத்து நொடி மூச்சைப் பிடிச்சுட்டா தொற்று இல்லன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துச்சே, அது பொய்னு தெரிஞ்சும் இருட்டுல உக்காந்து எண்ணிட்டு இருப்பேன்.

வீட்ல எல்லாரும் இருந்தாங்க. ஆனா அவங்களே வேலை நிக்குமோன்னு கலங்கிப் போயிருந்தாங்க, அவங்க தலையில இதையும் ஏத்த மனசு வரல. வாட்ஸ்அப்ல அத்தனை குரூப் இருந்தும் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்க முடியல.

அவ்வளவா பழக்கமில்லாத ஒரு கிளாஸ்மேட் நோட்ஸ் கேட்டு போன் பண்ணினா. "உன் குரலே சரியில்லையே"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. "பேச வேணாம். ஸ்பீக்கர்ல போட்டுட்டு உன் வேலையைப் பாரு, நான் என் வேலையைப் பாக்கறேன்." அன்னையிலிருந்து தினமும் ராத்திரி பத்து மணிக்கு கால் வரும். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுற சத்தம், நடுவுல ஒரு இருமல், நாற்காலி நகர்ற சத்தம். மூணாவது வாரம் கால் ஓடிட்டு இருக்கும்போதே தூங்கிட்டேன்.

கொரோனாவோட முதல் வருஷத்துல மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவுல 25 சதவீதம் கூடுச்சு, இளைஞர்களுக்குத்தான் அடி அதிகம்னு 2022-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னப்போ எனக்கு ஆச்சரியமா இல்ல. கிடைச்ச உதவியை விட, கூப்பிட்டா ஆள் இருக்குங்கிற நம்பிக்கைதான் மனசை அதிகமா தாங்குதுன்னு உளவியல்ல சொல்றாங்க. எனக்கு அந்த பத்து மணி கால்தான் அது.

மறுமொழி 1:
நான் மறுபக்கம் இருந்தவ. நண்பன் மனசு விட்டுப் பேசினப்போ "நியூஸ் பாக்காதே, உடற்பயிற்சி பண்ணு"ன்னு வரிசையா அறிவுரை சொன்னேன். அவன் பதிலெல்லாம் சுருங்கி கடைசியில வெறும் "ம்" ஆயிடுச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் வலிக்குது. இப்பல்லாம் "சும்மா கேக்கட்டுமா, ஏதாவது சொல்லட்டுமா?"ன்னு முதல்லயே கேட்டுடுவேன்.

மறுமொழி 2:
எனக்கு பேச்சுத் துணை மட்டும் போதல. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கமும் பசியும் கெட்டிருந்தா டாக்டரைப் பாக்கணும்னு தெரியும். ஆனா நம்பரை அழுத்த கை வரல. அக்கா கான்ஃபரன்ஸ் கால் போட்டு, "டாக்டர், என் தம்பி ஒரு மாசமா தூங்கல"ன்னு முதல் வரியை அவளே பேசினா. அதுக்கப்புறம் நான் பேசினேன்.